ஜாவாஸ்கிரிப்ட் ஆப்ஜெக்டில் இருந்து மதிப்பை எடுப்பது: எங்கே புள்ளி, எங்கே பிராக்கெட்

திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் வாரம் மூன்று நாள் சாயங்காலம் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து ஜாவாஸ்கிரிப்ட் பழகுகிறோம். பாதிப் பேர் பகலில் செக்கிங்கிலோ பேக்கிங்கிலோ வேலை பார்ப்பவர்கள், மீதி காலேஜ் பிள்ளைகள். வேரியபிள், இஃப், லூப் எல்லாவற்றையும் தாண்டி வந்துவிடுகிறார்கள். ஆப்ஜெக்ட், அதாவது பல மதிப்புகளை ஆளுக்கொரு பெயர் வைத்து ஒன்றாக வைத்திருப்பது, வந்ததும் நின்றுவிடுகிறார்கள். புள்ளி போட்டால் சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் இல்லை. பிராக்கெட்டுக்குள் மேற்கோள் சில நேரம் வேண்டும், சில நேரம் கூடாது. காரணம் தெரியாமல் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து எப்படியோ ஓட வைக்கிறார்கள்.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். எந்தக் கீ (மதிப்புக்கு வைத்த பெயர்) வேண்டும் என்பது கோட் எழுதும்போதே உங்களுக்குத் தெரியுமா, இல்லை கோட் ஓடும்போதுதான் தெரியவருமா? கீழே வரும் படிகளை அதே வரிசையில் செய்து பாருங்கள். ஒவ்வொன்றும் முந்தையதன் மேல்தான் நிற்கிறது.

## முன்னால் வேண்டியவை

குரோம் பிரவுசர் போதும். எஃப் 12 அழுத்தி கன்சோலைத் திறந்துகொள்ளுங்கள். முதன்முறை எதையாவது ஒட்டும்போது எச்சரிக்கை காட்டித் தடுத்தால், அதிலேயே எதை அடிக்கச் சொல்கிறதோ அதை அடித்துவிட்டு மறுபடி ஒட்டுங்கள்.

ஜாவாஸ்கிரிப்டில் வேரியபிள் பெயரும் கீயின் பெயரும் தமிழில் இருக்கலாம், அதனால் உதாரணங்களைத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். அப்படியே ஒட்டினால் ஓடும். மொழிக்குச் சொந்தமான சொற்களை மட்டும் உச்சரிப்பில் சொல்கிறேன், அவற்றை ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். கன்சோலில் பழகும்போது கான்ஸ்ட், லெட் போடாமல் விட்டிருக்கிறேன். ஃபைலில் எழுதும்போது அவசியம் போடுங்கள்.

இதுதான் நம்முடைய ஆர்டர். ஆர்என் (வட்டக் கழுத்து) பனியன், 75, 80, 85 என்று சைஸ் போகுமே, அதே கணக்கு. ஜிஎஸ்எம் என்பது துணியின் கனம்.

```
ஆர்டர் = {
  ஸ்டைல்: "ஆர்என் பனியன்",
  கலர்: "வெள்ளை",
  ஜிஎஸ்எம்: 140,
  "லாட் எண்": 47,
  பீஸ்: { 80: 240, 85: 360, 90: 360, 95: 180, 100: 0 }
}
```

வேர்டில் எழுதி வைத்து அங்கிருந்து எடுத்து ஒட்டாதீர்கள். வேர்டு மேற்கோள் குறியை வளைத்துவிடும். நேரான குறி மட்டுமே ஜாவாஸ்கிரிப்டுக்குப் புரியும், வளைந்ததைப் பார்த்ததும் சின்டாக்ஸ் எரர் கொடுத்துவிடும்.

## 1. எடுப்பதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

பெரும்பாலானவர்கள் இந்தப் படியை விட்டுவிட்டு நேராக எடுக்கப் போகிறார்கள். கீயின் பெயர் இப்படித்தான் இருக்கும் என்று மனதுக்குள் ஒரு நினைப்பு இருக்கும், ஆனால் உள்ளே வேறு மாதிரி இருக்கும்.

ஆப்ஜெக்ட்.கீஸ் என்ற ஃபங்ஷனுக்குள் ஆர்டரைக் கொடுங்கள். கீகளின் பட்டியல் மேற்கோளுக்குள் வரும். அந்த மேற்கோள் முக்கியம். எக்செல் ஷீட்டில் இருந்து வந்த டேட்டாவில் "கலர்" என்பதற்குப் பதில் கடைசியில் ஓர் இடைவெளியோடு "கலர் " என்று இருக்கும், மேற்கோள் இருந்தால்தான் அது கண்ணில் படும்.

கன்சோலில் ஆப்ஜெக்டையே அச்சிட்டு, பக்கத்தில் இருக்கும் முக்கோணத்தை அழுத்தி விரித்துப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். விரிக்கும் நேரத்தில் என்ன மதிப்பு இருக்கிறதோ அதைத்தான் அது காட்டும், அச்சிட்ட நேரத்து மதிப்பை அல்ல. நடுவில் வேறு வரி அதை மாற்றியிருந்தால், முன்பே மாறியிருந்தது போலத் தெரியும். அந்த நேரத்து நிலை வேண்டும் என்றால் ஜேசன்.ஸ்ட்ரிங்கிஃபை மூலம் எழுத்தாக மாற்றி அச்சிடுங்கள்.

## 2. பெயர் முன்கூட்டியே தெரிந்தால் புள்ளி

```
ஆர்டர்.கலர்
ஆர்டர்.ஜிஎஸ்எம்
```

"வெள்ளை", 140 என்று வரும். புள்ளிக்குப் பின்னால் எழுதுவது அப்படியே கீயின் பெயர். ஜாவாஸ்கிரிப்ட் அதை வேரியபிளாகப் பார்க்காது, கணக்குப் போடாது, எழுதியிருக்கும் எழுத்துகளையே கீயாக எடுத்துக்கொள்ளும். நான்காவது படியில் வரும் குழப்பம் மொத்தமும் இதை மறப்பதால் வருவது.

முடிந்த இடத்தில் எல்லாம் புள்ளியே போடுங்கள், படிக்க எளிது. ஆங்கிலக் கீ என்றால் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு கீ. தமிழில் அந்தத் தொல்லை இல்லை, அதற்குப் பதிலாக வேறொன்று உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

## 3. புள்ளி தாங்காத பெயருக்குப் பிராக்கெட்டும் மேற்கோளும்

ஆர்டர்.லாட் எண் என்று அடித்துப் பாருங்கள், எரர் வரும். இடைவெளி வந்ததும் பெயர் முடிந்துவிட்டது என்று ஜாவாஸ்கிரிப்ட் எடுத்துக்கொள்கிறது, அப்புறம் தனியாக நிற்கும் "எண்" எதற்கு என்று அதற்குத் தெரியவில்லை.

```
ஆர்டர்["லாட் எண்"]
```

இப்போது 47 வரும். கீயில் இடைவெளி, நடுக்கோடு, புள்ளி ஏதாவது இருந்தாலும், கீ எண்ணில் ஆரம்பித்தாலும் இதுதான் வழி. ஆர்டர்.பீஸ்.80 ஓடாது, ஏனென்றால் .80 என்பதை அது பூஜ்ஜியம் புள்ளி எட்டு என்ற எண்ணாகப் படித்துவிடுகிறது.

```
ஆர்டர்.பீஸ்[80]
ஆர்டர்.பீஸ்["80"]
```

இரண்டும் 240 தரும். பிராக்கெட்டுக்குள் எண் கொடுத்தாலும் அது உள்ளே எழுத்தாக மாறிவிடும், கீ எல்லாம் உள்ளே ஸ்ட்ரிங்தான் (சிம்பல் என்று ஒரு வகை உண்டு, இப்போதைக்கு வேண்டாம்). அதனால் "080" என்று கொடுத்தால் கிடைக்காது. எண்ணாகப் பார்த்தால் ஒன்றுதான், எழுத்தாகப் பார்த்தால் வேறு.

மேற்கோளை மறந்து ஆர்டர்[கலர்] என்று எழுதினால் கலர் என்ற வேரியபிளைத் தேடி, இல்லை என்று ரெஃபரன்ஸ் எரர் கொடுக்கும். எரர் வந்தால் நல்லது. தற்செயலாக அந்தப் பெயரில் வேரியபிள் இருந்து, அதில் "வெள்ளை" இருந்தால், "வெள்ளை" என்ற கீயைத் தேடிப் பார்த்துவிட்டு சத்தமே இல்லாமல் அன்டிஃபைன்ட் (மதிப்பு எதுவும் இல்லை என்ற பதில்) தந்துவிடும். அதைக் கண்டுபிடிக்கத்தான் நேரம் ஆகும்.

## 4. ஓடும்போதுதான் பெயர் தெரியும் என்றால் மேற்கோள் இல்லாத பிராக்கெட்

இங்கேதான் அதிகம் பேர் விழுகிறார்கள், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பெருமாநல்லூரில் இருந்து வரும் தம்பி ஒருவர், சைஸைத் தேர்ந்தெடுத்தால் பீஸ் எண்ணிக்கை காட்டும் சின்னப் பக்கம் ஒன்று செய்தார். தேர்ந்தெடுத்த சைஸ் 'அளவு' என்ற வேரியபிளுக்குள் சரியாக வந்தது. அடுத்த வரி இப்படி:

```
அளவு = 90
ஆர்டர்.பீஸ்.அளவு
```

"ஏனுங்கண்ணா, 90-ல 360 பீஸ் இருக்குதுங்க, ஆனா அன்டிஃபைன்ட்னே வருதுங்க" என்றார். டேட்டாவை மூன்று முறை சரிபார்த்திருக்கிறார். டேட்டாவில் ஒரு பிழையும் இல்லை. புள்ளிக்குப் பின்னால் எழுதியது அப்படியே கீ என்று இரண்டாவது படியில் சொன்னேன் இல்லையா, அதனால் ஜாவாஸ்கிரிப்ட் "அளவு" என்ற பெயருள்ள கீயைத் தேடுகிறது. வேரியபிளுக்குள் 90 இருக்கிறது என்பதை அது எட்டியே பார்க்கவில்லை.

```
ஆர்டர்.பீஸ்[அளவு]
```

பிராக்கெட் வேறு மாதிரி. உள்ளே இருப்பதை முதலில் கணக்குப் போட்டு, வந்த விடையைக் கீயாக எடுத்துக்கொள்ளும். 360 வந்துவிடும். உள்ளே கணக்கு என்பதால் ஆர்டர்.பீஸ்[அளவு + 5] என்றும் கேட்கலாம், 95-ன் எண்ணிக்கை 180 வரும். ஆனால் அளவு எண்ணாக இருந்தால்தான். பக்கத்தில் இருக்கும் டிராப்டவுனில் இருந்து வரும் மதிப்பு எப்போதும் எழுத்துதான், "90" + 5 என்பது "905" ஆகிவிடும். அப்படி ஒரு சைஸ் இல்லை, மறுபடி அன்டிஃபைன்ட். கூட்டுவதற்கு முன்னால் எண்ணாக மாற்றுங்கள்:

```
அளவு = "90"
ஆர்டர்.பீஸ்[+அளவு + 5]
```

முன்னால் இருக்கும் கூட்டல் குறி எழுத்தை எண்ணாக்குகிறது. நம்பர் என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டாலும் இதேதான், படிப்பவருக்கு அதுவே இன்னும் தெளிவு.

இதன் எதிர்ப்பக்கமாக ஆர்டர்.பீஸ்["அளவு"] என்று மேற்கோளோடு எழுதுபவர்களும் உண்டு. அது புள்ளி போட்டதற்குச் சமம், பலன் ஒன்றும் இல்லை.

## 5. ஆப்ஜெக்டுக்குள் ஆப்ஜெக்ட்: ஒவ்வொரு அடியாக வையுங்கள்

ஆர்டர்.பீஸ்[90] என்பதை ஒரே மூச்சில் படிக்காதீர்கள். ஆர்டர் எடு, அதில் இருந்து பீஸ் எடு, கிடைத்ததில் இருந்து 90 எடு. இடமிருந்து வலமாக ஒவ்வொரு அடியும் தனி வேலை. நீளமான சங்கிலி ஓடவில்லை என்றால் பின்னால் இருந்து ஒவ்வொன்றாக வெட்டி, எந்த இடம் வரை மதிப்பு வருகிறது என்று கன்சோலில் பாருங்கள். முழு வரியையும் வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட இது வேகம்.

## 6. இல்லாததைக் கேட்டால் என்ன ஆகும்

இரண்டு வகை இருக்கிறது, பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

இருக்கிற ஆப்ஜெக்டில் இல்லாத கீயைக் கேட்டால் எரர் வராது, அன்டிஃபைன்ட் வரும். அந்த அன்டிஃபைன்டில் இருந்து இன்னொரு அடி எடுத்து வைத்தால்தான் எரர்:

```
ஆர்டர்.பேக்கிங்
ஆர்டர்.பேக்கிங்.பெட்டி
```

முதல் வரி அமைதியாகப் போகும். இரண்டாவது டைப் எரர், "கேனாட் ரீட் ப்ராப்பர்ட்டீஸ் ஆஃப் அன்டிஃபைன்ட், ரீடிங் பெட்டி" என்று சொல்லும். பெட்டியில் கோளாறு என்று நினைத்துப் பெட்டியைத் தேடாதீர்கள். அதற்கு முன்னால் இருக்கும் பேக்கிங்தான் இல்லை. எரரில் வரும் பெயருக்கு ஓர் அடி முன்னால் பார்க்க வேண்டும், இது ஒன்று பழகிவிட்டால் பாதி நேரம் மிச்சம்.

பேக்கிங் சில ஆர்டரில் இருக்கும், சிலதில் இருக்காது என்றால் 2020-ல் மொழிக்குள் வந்த கேள்விக்குறிப் புள்ளியைப் போடுங்கள்:

```
ஆர்டர்.பேக்கிங்?.பெட்டி
ஆர்டர்.பீஸ்?.[105]
```

சந்தேகம் எதன் மேலோ, அதற்கு அடுத்துதான் கேள்விக்குறி வர வேண்டும். ஆர்டர்?.பேக்கிங்.பெட்டி என்று எழுதிவிட்டு "கேள்விக்குறி போட்டும் எரர் வருது" என்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அது ஆர்டர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும், பேக்கிங்கைப் பார்க்காது. பிராக்கெட்டோடு போடும்போது நடுவில் புள்ளியும் வேண்டும், விட்டால் கேள்விக்குறியை வேறு ஆபரேட்டராகப் படித்து சின்டாக்ஸ் எரர் கொடுக்கும்.

எரர் வருகிறதே என்று எல்லா இடத்திலும் கேள்விக்குறியைத் தூவாதீர்கள். கட்டாயம் இருந்தே ஆக வேண்டிய ஒன்று இல்லை என்றால் எரர் வரட்டும், அதுதான் உங்களுக்கு நல்லது.

இல்லாத இடத்துக்கு மாற்று மதிப்பு கொடுக்கும்போது ஒரு பொறி இருக்கிறது:

```
ஆர்டர்.பீஸ்[100] || "பதிவில்லை"
ஆர்டர்.பீஸ்[100] ?? "பதிவில்லை"
```

100 சைஸில் பூஜ்ஜியம் பீஸ் என்று நாமே எழுதியிருக்கிறோம். முதல் வரி "பதிவில்லை" என்று சொல்லும், ஏனென்றால் இரட்டைக் கோடு பூஜ்ஜியத்தையும் வெற்று எழுத்தையும்கூட இல்லாததாகவே எடுத்துக்கொள்கிறது. இரட்டைக் கேள்விக்குறி அன்டிஃபைன்டையும், நல் என்பதையும் (காலி என்று நாமே வைக்கும் மதிப்பு) மட்டும்தான் இல்லாததாக எடுக்கும், பூஜ்ஜியத்தைப் பூஜ்ஜியமாகவே தரும். வெட்டவில்லை என்பதும் எழுதவில்லை என்பதும் ஒரு கம்பெனியில் எவ்வளவு வேறு விஷயம் என்று உங்களுக்கே தெரியும்.

பணம் வரும் இடத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஒரு யூனிட்டுக்கு பீஸ் ரேட் கூலி போட்டுக் கொடுத்தேன், சனிக்கிழமை சம்பளம்.

```
கூலி = { ஓவர்லாக்: 1.2, பிளாட்லாக்: 1.1, லேபிள்: 0.4 }
கூலி.செக்கிங் * 300
```

செக்கிங்குக்கு ரேட் எழுதப்படவில்லை. அன்டிஃபைன்டைப் பெருக்கினால் என்-ஏ-என் வரும், எண்ணே இல்லை என்று பொருள். அது ஒன்று கூட்டலுக்குள் நுழைந்தால் மொத்தமும் என்-ஏ-என் ஆகிவிடும். அவசரத்தில் ரேட்டுக்குப் பின்னால் ?? 0 போட்டு மூடிவிட்டேன், பில் அழகாக வந்துவிட்டது, செக்கிங் பார்த்த அக்காவுக்கு அந்த 300 பீஸுக்கு ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. அவர் கேட்டதால்தான் தெரிந்தது. அதில் இருந்து ரேட், கூலி, தொகை வரும் இடத்தில் மாற்று மதிப்பு கொடுப்பதே இல்லை. ரேட் இல்லை என்றால் எந்த வேலைக்கு இல்லை என்று பெயர் சொல்லி நின்றுவிடும்படி எழுதுகிறேன். நீங்களும் அப்படியே எழுதுங்கள்.

## 7. மதிப்பை எழுதும்போது

எடுப்பதற்கு உள்ள அதே விதிதான், சமக்குறி மட்டும் கூடுதல்.

```
ஆர்டர்.கலர் = "கறுப்பு"
ஆர்டர்.பீஸ்[அளவு] = 420
```

வித்தியாசம் இது: இல்லாத கீயில் எழுதினால் புதிதாக ஒன்றை உருவாக்கிவிடும். கடைசி மெய்யெழுத்தின் புள்ளியை விட்டு ஆர்டர்.கலர = "கறுப்பு" என்று அடித்துவிட்டால், கலர், கலர என்று இரண்டு கீ ஆகிவிடும். பழைய வெள்ளை அப்படியே இருக்கும், எரரும் வராது. மாற்றினேன், மாறவில்லை என்று தோன்றினால் முதல் படிக்குப் போய்க் கீ பட்டியலைப் பாருங்கள்.

இல்லாத ஆப்ஜெக்டுக்குள் நேராக எழுத முடியாது. ஆர்டர்.பேக்கிங்.பெட்டி = 12 எரர் தரும், கேள்விக்குறிப் புள்ளியைச் சமக்குறிக்கு இடது பக்கம் போடவும் முடியாது. முதலில் பெட்டியை வைக்க இடம் செய்யுங்கள்:

```
ஆர்டர்.பேக்கிங் ??= {}
ஆர்டர்.பேக்கிங்.பெட்டி = 12
```

முதல் வரி, பேக்கிங் இல்லாவிட்டால் மட்டும் காலி ஆப்ஜெக்ட் வைக்கும், இருந்தால் தொடாது.

## 8. இருக்கிறதா என்று மட்டும் தெரிய வேண்டும் என்றால்

மதிப்பை எடுத்து இஃப்புக்குள் போட்டுப் பார்க்காதீர்கள், 100 சைஸ் பூஜ்ஜியம் மறுபடி இல்லாததாகிவிடும். ஆப்ஜெக்ட்.ஹேஸ்ஓன் என்ற ஃபங்ஷனுக்கு ஆப்ஜெக்டையும் கீயையும் கொடுங்கள், சரியான பதில் வரும். இன் என்ற ஆபரேட்டரும் உண்டு, ஆனால் நீங்கள் எழுதாமலே எல்லா ஆப்ஜெக்டுக்கும் பரம்பரையாக வரும் கன்ஸ்ட்ரக்டர் போன்ற பெயர்களையும் அது இருக்கிறது என்று சொல்லும்.

## 9. எல்லாக் கீயையும் வரிசையாக எடுக்கும்போது

ஃபார்-ஆஃப் லூப்பில் ஆப்ஜெக்ட்.என்ட்ரீஸ் கொடுத்தால் கீயும் மதிப்பும் ஜோடியாக வரும். அதில் வரும் கீ எழுத்துதான், "80" + 5 கதை இங்கேயும் நடக்கும்.

வரிசை பற்றி ஒரு வார்த்தை. 80, 85 மாதிரி முழு எண் கீ எல்லாம் சின்னதில் இருந்து பெரியதாகத்தான் வரும், நீங்கள் எந்த வரிசையில் எழுதினாலும் சரி. 75-ஐக் கடைசியில் சேர்த்தாலும் முதலில் நிற்கும். பனியன் சைஸுக்கு இது வசதி. எஸ், எம், எல் என்று எழுத்துச் சைஸ் வைத்தால் சேர்த்த வரிசையிலேயே வரும், சைஸ் வரிசை வேண்டும் என்றால் அந்த வரிசையிலேயே சேர்க்க வேண்டும்.

## 10. எல்லாம் சரி, ஆனாலும் அன்டிஃபைன்ட்

பல்லடத்தில் இருந்து வரும் தங்கச்சி ஒருத்தருக்கு நடந்தது. டேட்டாவில் தொகை என்று கீ இருக்கிறது, பட்டியலில் கண்ணெதிரே தெரிகிறது, இடைவெளியும் இல்லை. ஆனால் தொகை என்று கேட்டால் அன்டிஃபைன்ட். அரை மணி நேரம் நானும் கூட உட்கார்ந்து பார்த்தேன்.

ஒகர உயிர்மெய்யை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ொ என்ற ஒரே குறியாகவும் வரும், ெ போட்டு அடுத்து ா போட்டு இரண்டு குறியாகவும் வரும். திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். ஜாவாஸ்கிரிப்டுக்கு அவை வேறு வேறு எழுத்து, தானாக ஒன்றாக்கிப் பார்க்காது. அவருடைய ஷீட் பழைய மென்பொருள் ஒன்றில் இருந்து மாற்றி வந்தது, அதில் பிரிந்த வடிவம். அவர் கீபோர்டில் அடித்தது சேர்ந்த வடிவம். ஓகாரத்திலும் ஔகாரத்திலும் இதே சிக்கல் உண்டு.

கண்டுபிடிக்க, அந்தக் கீயின் லெங்த், அதாவது எத்தனை குறி என்று பாருங்கள். சேர்ந்த வடிவத்தில் தொகை 4 வரும், பிரிந்ததில் 5. சரி செய்ய, டேட்டா உள்ளே வரும் வாசலிலேயே ஒவ்வொரு கீக்கும், பிரிந்த வடிவத்தைச் சேர்ந்த வடிவமாக்கும் நார்மலைஸ் என்ற மெத்தடைக் கூப்பிட்டு, கூடவே ட்ரிம் போட்டு முன்பின் இடைவெளியையும் எடுத்துவிட்டு, புது ஆப்ஜெக்டில் வையுங்கள். ஔகாரத்தின் வால் பகுதிக்கு யாராவது ள எழுத்தையே அடித்திருந்தால் மட்டும் நார்மலைஸ் காப்பாற்றாது, அதைக் கையால்தான் மாற்ற வேண்டும்.

அந்தத் தங்கச்சி இரண்டு வரி சேர்த்ததும் 214 வரியிலும் தொகை வந்துவிட்டது. இப்போது எங்கள் குழுவில் யார் ஷீட் கொண்டு வந்தாலும் அவர்தான் முதலில் லெங்த் பார்க்கச் சொல்கிறார்.